லின்சியின் முட்டிக் காயம்

கோயம்புத்தூர்
10.9.2024

அமலி அக்காவுக்கு,

சுகம் கேட்க இதை எழுதவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், லின்சி படுத்திருக்கும் வார்டில் எட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீங்கள் அதைக் குடும்ப குரூப்பில் போட்டுவிடுவீர்கள், நாங்கள் கணபதி ஏரியாவுக்கு வீடு மாறிய சமயத்தில் போட்ட மாதிரி. அதனால்தான் காகிதம். உங்கள் நம்பரை என் போனிலும் அவள் போனிலும் பிளாக் செய்துவிட்டேன்.

உங்கள் தங்கையை வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். காய்ச்சல் நூற்று இரண்டு. இரண்டு முட்டியும் வாய் பிளந்து சீழ் வைத்திருக்கிறது. இடது முட்டியில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணூறுதான் இருக்கிறதாம், நாலாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. ஐந்து நாளாக டிரிப் ஏறுகிறது. பத்தொன்பதாம் தேதி போட வேண்டிய நான்காவது கீமோ ஊசியை டாக்டரம்மா நிறுத்திவைத்துவிட்டார். முட்டி ஆறுகிற வரை ஊசி கிடையாது. ஊசி இல்லாத நாளெல்லாம் அந்தக் கட்டியின் மிச்சத்துக்குத்தான் லாபம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியட்டும்.

முட்டியில் எப்படிக் காயம் வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் பதினைந்து லீவு, அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். சரி, மதுக்கரைதானே, காற்று மாறினால் கொஞ்சம் சாப்பிடுவாள் என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன். நீங்கள் இருவரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறீர்கள். மதுக்கரை போகவில்லை. வேளாங்கண்ணி போயிருக்கிறீர்கள். மார்பை அறுத்து இரண்டு மாதமான ஒருத்தியை, இரண்டு ஊசி போட்டு முடியெல்லாம் கொட்டிய ஒருத்தியை, அந்த மணல் பாதையில் முட்டி போட்டு நடக்க வைத்திருக்கிறீர்கள். திரும்பி வந்தவள் மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றாள். இரண்டு முட்டியிலும் ஒரே அளவில் விழுவதற்கு அவள் என்ன சர்க்கஸ்காரியா? மறுநாளே உண்மையைக் கறந்துவிட்டேன்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர். ஒரு நோயாளியை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்கிற அறிவு உங்களுக்கு இல்லாமல் போனதா?

இனி நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் வரக் கூடாது, வீட்டுக்கும் வரக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் ஞானமுத்து அண்ணனும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜோஸ்

* * *

மதுக்கரை
14.9.2024

மரியே வாழ்க.

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல கையெழுத்துங்க உங்களுக்கு. லேத்தில் ஷாஃப்ட் கடைகிற கை, கோடு மாறாமல் திட்டியிருக்கிறீர்கள்.

போனை பிளாக் செய்தீர்கள், சரி. தபால்காரரைச் செய்ய முடியாது. லின்சியையும் செய்ய முடியவில்லை பாருங்கள். பக்கத்துக் கட்டில் பாவாத்தாள், கிணத்துக்கடவு அம்மா, அவர் போனிலிருந்து என் தங்கை எனக்குத் தினமும் பேசுகிறாள். நீங்கள் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் பேசுகிறாள். அந்த அம்மாவிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், பாவம் அவருக்கே வயிற்றில் ஆபரேஷன்.

ஆமாம், வேளாங்கண்ணி போனோம். பொய் சொல்லித்தான் போனோம். மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த மணலில் முட்டி போட்டோம். போட்டோம் என்று எழுதுகிறேன், கவனியுங்கள். நானும் அவள் பக்கத்திலேயே முட்டி போட்டுத்தான் வந்தேன். எனக்கும் தோல் உரிந்தது, எனக்கும் ரத்தம் வந்தது. என் முட்டி எட்டாம் நாள் பொருக்குத் தட்டி, பத்தாம் நாள் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அதே மணல், அதே வெயில். இவளுக்கு மட்டும் ஒரு மாதமாகியும் ஆறவில்லை என்றால் நான் சந்தோஷப்படுகிறேன் என்றா நினைக்கிறீர்கள்? குளிக்கும்போது என் முட்டியைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அக்காக்காரி, மூத்தவள், தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அந்தப் பழியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். ஆகஸ்ட் பதினேழாம் தேதியே உண்மையைக் கறந்துவிட்டேன் என்கிறீர்கள். இருபத்தொன்பதாம் தேதி மூன்றாவது ஊசி போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் இடைவெளிங்க. அந்தக் காயத்தோடு அவள் எப்படி ஊசிக்குப் போனாள்? ஒவ்வொரு முறையும் சிஸ்டர் வந்து சளி இருக்கா, காய்ச்சல் இருக்கா, எங்காச்சும் புண்ணு இருக்கா என்று வரிசையாகக் கேட்பார்களே? முதல் ஊசிக்கு நான்தானே கூட இருந்தேன், என் காதால் கேட்டேன். ஜூன் மாதம் ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறட்டும் ஆறட்டும் என்று ஐந்து வாரம் ஊசி போடாமல் காத்திருந்தார்களே, அது எதற்காக என்று அன்றைக்கு டாக்டரம்மா உங்களிடம்தானே விளக்கினார்?

அப்படியென்றால் சிஸ்டர் கேட்டபோது யார், என்ன பதில் சொன்னது?

அமலி

* * *

கோயம்புத்தூர்
19.9.2024

அமலி அக்காவுக்கு,

இன்று நான்காவது ஊசி நாள். காலண்டரில் நான்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். திங்கள்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் இல்லை. புண் அப்படியேதான் இருக்கிறது.

பதில் கேட்டீர்கள். நான்தான் சொன்னேன். "புண்ணெல்லாம் ஒன்னுமில்லீங்க சிஸ்டர்" என்று நான்தான் சொன்னேன். லின்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். முழுக்கால் மறைகிற நைட்டிதான் போட்டிருந்தாள், அதையும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். முதல் ஊசிக்கே ஐந்து வாரம் காத்திருந்தோம். அந்த ஐந்து வாரமும் நான் தூங்கவில்லை. எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் கௌதமனின் அத்தைக்கு இதே வியாதி. ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள், ஒரு வருஷத்தில் கல்லீரலில் வந்துவிட்டது. அதைத்தான் நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முட்டியில் பொருக்குக் கட்டியிருந்தது. மேலே காய்ந்துதான் இருந்தது. சிராய்ப்புக்கெல்லாம் போய் ஊசியை நிறுத்துவார்களா என்று நினைத்தேன். என் கையில் வாரத்துக்கு ஒரு தடவை இரும்புச் சீவல் கிழிக்கிறது, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறேன், நாலு நாளில் கூடிவிடுகிறது. அந்தக் கணக்கில் இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா இப்போது சொல்கிறார். அந்த மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாதாம். உடம்பில் எது வேகமாகப் பெருகுகிறதோ அதைப் போய் அடிக்குமாம். கட்டியும் வேகமாகப் பெருகும், அதை அடிக்கும். முடியின் வேரும் அப்படித்தான், அதனால் முடி கொட்டுகிறது. வாய்க்குள் இருக்கும் தோலும் அப்படித்தான், அதனால் வாய்ப்புண். காயத்தை மூட ஓரத்திலிருந்து வளர்ந்து வருகிற புதுத்தோலும் அப்படித்தான். பொருக்குக்கு அடியில் அது வளரவே இல்லை. சீழை எதிர்க்கிற வெள்ளை அணுவும் எலும்புக்குள் அதே மாதிரி பெருகுவதுதானாம், அதையும் மருந்து அடித்துவிட்டது. ஊசி போட்டு ஏழு நாளிலிருந்து பதினான்கு நாள் வரை அது அடிமட்டத்தில் இருக்குமாம். ஆகஸ்ட் எட்டாம் தேதி இரண்டாவது ஊசி, பதினைந்தாம் தேதி நீங்கள் மணலில் இறக்கினீர்கள். சரியாக ஏழாம் நாள். நாள் குறித்துக் கூட்டிப்போனாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

உங்கள் முட்டி ஆறிய கதையை எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நான் சொன்னது பொய்தான், தப்புதான். ஆனால் நீங்கள் காயத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு மறைக்க ஒன்றுமே இருந்திருக்காது. உங்களுக்கு வேண்டுதல் என்றால் நீங்கள் மட்டும் உருண்டு புரண்டுவிட்டு வந்திருக்கலாம். என் பெண்டாட்டி முட்டியைத் தேய்த்துக் கழிக்கிற அளவுக்கு அப்படி யாருடைய வேண்டுதல், என்ன வேண்டுதல் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜோஸ்

* * *

மதுக்கரை
23.9.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

யாருடைய வேண்டுதல் என்று கேட்டுப்போட்டீர்கள்.

சொல்ல மாட்டேன் என்று லின்சிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். போன கடிதத்தில் பழியை வாங்கிக்கொண்டதும் அதற்காகத்தான். நீங்கள் என்னை வீட்டுக்கு வராதே என்றபோதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உருண்டு புரண்டுவிட்டு வந்திருக்கலாம் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை நாலு தடவை படித்தேன். இனி அந்தச் சத்தியம் எனக்கு வேண்டாம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அது உங்கள் வேண்டுதல்.

ஜூன் பதிமூன்று. ஆபரேஷன் தியேட்டர் வாசல். உள்ளே போய் நாலு மணி நேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. நான் கேண்டீனில் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தபோது நீங்கள் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தீர்கள். அப்போது நீங்கள் என்ன வேண்டினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். மறுநாள் மயக்கம் தெளிந்து கண் திறந்தவளிடம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். "நீ எந்திரிச்சு வந்தீன்னா வேளாங்கண்ணில மணல் பாதை பூரா முட்டி போட்டு வாரேன்னு மாதாகிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு." இதுதானுங்களே நீங்கள் சொன்னது?

பிறகு என்ன ஆயிற்று? ஜூலையில் போகலாம் என்றீர்கள், கம்பெனியில் ஆர்டர். ஊசி ஆரம்பிக்கட்டும் என்றீர்கள். முதல் ஊசி முடிந்ததும் அவளே ஞாபகப்படுத்தினாளாம், கௌதமன் லீவு தரமாட்டார் என்று சொன்னீர்களாம். அப்புறம் நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்தீர்களோ, முட்டி வலிக்கும் என்று பயந்தீர்களோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். இவள் மறக்கவில்லை. அவள் பயம் அவள் வியாதியைப் பற்றியே இல்லை. சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் உங்களுக்கு ஏதாவது வந்துவிடும், மெஷினில் கை போய்விடும் என்று தினமும் பயந்திருக்கிறாள். எனக்கு ஆகஸ்ட் முதல் வாரம் போன் செய்து, "அக்கா, நானே போயிக் கழிச்சுப்போட்டு வந்தர்றேன், அவருகிட்டச் சொல்லாதீங்க, சங்கடப்படுவாரு" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். நடந்து போகலாம், மெழுகுவர்த்தி வைக்கலாம், நான் மட்டும் முட்டி போடுகிறேன் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பாதி தூரத்தில் சுடிதார் கிழிந்து ரத்தம் தெரிந்தது. என் துண்டைக் கிழித்து அவள் முட்டியில் கட்டப் போனேன். தள்ளிவிட்டாள். "அவரு துண்டு கட்டீட்டு வாரேன்னு வேண்டிக்கிலீங்க்கா" என்றாள்.

காலையில் பல் விளக்கும்போதெல்லாம் இதுதான் என் காதில் கேட்கிறது. அங்கேயே அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும். அது என் தப்பு, அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. நீங்கள் உங்கள் தப்பை எங்கே இறக்கிவைக்கப் போகிறீர்கள்?

இன்னொன்றும் பாவாத்தாள் அம்மா சொன்னார். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது, "புண்ணு இருக்குன்னு ஏம்மா எங்ககிட்டச் சொல்லல? படிச்ச பொண்ணுதானே?" என்று எல்லார் முன்னாலும் லின்சியைத் திட்டினாராம். அவள் தலையைக் குனிந்துகொண்டாளாம். நீங்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றீர்களாம். உங்கள் வேண்டுதலையும் அவள் முட்டியில் கழித்தாள், உங்கள் பொய்யையும் அவளே சுமக்கிறாள். இந்த லட்சணத்தில் என்னை வீட்டுக்கு வராதே என்கிறீர்கள்.

அமலி

* * *

கோயம்புத்தூர்
27.9.2024

அமலி அக்காவுக்கு,

நம்பவில்லை. என்னை அடக்குவதற்கு நீங்களாகக் கட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். நேற்று அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "இந்த அக்கா வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்காது" என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை.

நான் நாளைக்கே வேளாங்கண்ணி பஸ் ஏறுகிறேன் என்றேன். போகக் கூடாது என்கிறாள். "முடிஞ்சது முடிஞ்சதுங்க. மறுக்கா நீங்க போய் முட்டி போட்டா நான் போட்டது கணக்குல இல்லைன்னு ஆயிரும்" என்கிறாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஆனால் இதை எனக்குச் சொன்ன விதத்துக்கு உங்களை நான் மன்னிக்க மாட்டேன். நீங்கள் உண்மைக்காக எழுதவில்லை, குத்துவதற்காக எழுதினீர்கள். குத்தியாயிற்று.

ஜோஸ்

* * *

மதுக்கரை
2.10.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குத்துவதற்காகத்தான் எழுதினேன். இல்லை என்று சொல்கிற அளவுக்கு நான் வெட்கம் கெட்டவள் இல்லை. உங்கள் மன்னிப்பை நான் கேட்கவும் இல்லை.

என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியுமுங்க. வேளாங்கண்ணிக்கு எதற்கு பஸ் ஏற வேண்டும்? கணபதியிலிருந்து ஆஸ்பத்திரி டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். டாக்டரம்மா ரூமுக்குப் போய், மறைத்தது அவள் இல்லை, நான் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். உங்களுக்கு முட்டி வலிக்காத வேலை இது. அதைச் சொல்லாத வரை, அடுத்த தடவை அவளுக்கு வாயிலோ வயிற்றிலோ எது வந்தாலும் அவள் சொல்வதை அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். பொய் சொல்கிற நோயாளி என்று எழுதிவைத்துவிடுவார்கள். அது அவள் உயிரோடு விளையாடுகிற விஷயம்.

என் வீட்டுக்காரரிடம் முட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றீர்களே, அதனால் கீழே வாட்ச்மேனிடம் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். தினம் இரண்டு அவித்துக் கொடுங்கள், பருப்பும் சேர்த்துக் கொடுங்கள். புதுத்தோல் வளர உடம்பில் சத்து வேண்டும். என் பள்ளிக்கூடத்து முட்டை என்று சந்தேகப்பட வேண்டாம், காசு கொடுத்து வாங்கியதுதான்.

அப்புறம் காயத்தில் மஞ்சள் கிஞ்சள் அப்பித் தொலைக்காதீர்கள். உங்கள் கை வேறு, அவள் முட்டி வேறு.

அமலி

* * *

கோயம்புத்தூர்
25.10.2024

அமலி அக்காவுக்கு,

முட்டை வந்தது. பன்னிரண்டில் ஒன்று உடைந்திருந்தது.

நேற்று நான்காவது ஊசி போட்டாயிற்று. ஐந்து வாரம் தாமதம். வலது முட்டி மூடிவிட்டது. தோல் ரோஸ் நிறத்தில் மெல்லிசாக இருக்கிறது, தொடவே பயமாக இருக்கிறது. இடதில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் திறந்திருக்கிறது. சீழ் இல்லை, சுத்தமாக இருக்கிறது, இனியும் தள்ளிப்போட்டால் வியாதிப் பக்கம் ஆபத்து என்று சொல்லித்தான் போட்டார்கள். இனி அடுத்த இரண்டு வாரம் அந்தக் காசு அளவு மூடாது, பெரிதாகாமல் இருந்தாலே போதும் என்றார் டாக்டரம்மா. ஐந்து வாரத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றுவிட்டார்.

நீங்கள் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். நீங்கள் சொன்னதற்காகச் சொல்லவில்லை. உடனே போகவும் இல்லை, எட்டு நாள் கழித்துத்தான் போனேன். இரண்டு தடவை ரூம் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், அதையும் பாவாத்தாள் அம்மா பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஃபைலில் ஏதோ அடித்துவிட்டு வேறு எழுதினார். "இனிமே நான் இவங்ககிட்ட மட்டுந்தான் கேப்பேன். நீங்க வெளிய உக்காருங்க" என்றார். நேற்று அப்படித்தான். சிஸ்டர் கேள்வி கேட்டபோது நான் வராந்தாவில் இருந்தேன். உள்ளே லின்சி ஒவ்வொன்றாகச் சொல்வது கேட்டது. வாயில் ஒரு புண் இருக்கிறதாம். அது எனக்கே தெரியாது.

லின்சி உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஒரு மாதமாகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாருங்கள். உங்கள் நம்பருக்குப் போட்ட பிளாக்கை அவள் போனில் எடுத்துவிட்டேன். என் போனில் எடுக்கவில்லை. நான் உங்களோடு பேச மாட்டேன், நீங்களும் என்னோடு பேச வேண்டாம். மொட்டை மாடியில் இருந்துகொள்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும். காலை ஒன்பது மணிக்கு நான்தான் கட்டுப் பிரித்துக் கட்டுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் நான்தான். காய்ந்த துணியை அப்படியே இழுத்தால் புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து, நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொள்கிறாள். நான் தரையில் முட்டி போட்டால்தான் கை எட்டுகிறது. டைல்ஸ் தரை. உங்கள் இரண்டாவது கடிதத்தைக் காட்டியதற்கு மறுநாள் காலை அவள் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து என் முட்டிக்கு அடியில் தள்ளினாள். நான் எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அப்புறம் அவள் அதைக் கொண்டுவரவில்லை.

அதை நீங்கள் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பத்து மணிக்கு மேல் வாருங்கள்.

ஜோஸ்